பூவுக்கும் உண்டு வடகப் பக்குவம்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



பூவை உலர்த்திக் கைவேலை செய்வது என்று சொன்னதுமே நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு வந்துவிடும். அது துரைசானிகளின் பொழுதுபோக்கு; ஏர்கோன் போட்ட வீட்டில், சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டு, மாலையில் தேநீர் குடித்தபடி செய்கிற வேலை; விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நின்றவர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் அது எதற்கு என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பு இல்லை. மொனாக்கோ நாட்டு இளவரசி கிரேஸ், அதற்கு முன் ஹாலிவுட் நடிகையாக இருந்தவர், பூக்களைப் புத்தகத்தில் அழுத்திக் காயவைத்துப் படங்கள் செய்து, 1977இல் பாரிஸ் நகரில் கண்காட்சியே வைத்தார். அரண்மனைக்காரர்கள் செய்த வேலைதான் இது, மறுக்க முடியாது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். காயவைப்பது என்கிற வித்தையைத் தோட்டத்துப் பெண்களுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா? லயத்து அஞ்சடியில் பாய் விரித்து வடகம் பிழிந்தவர்கள் யார்? மோர்மிளகாய் போட்டவர்கள் யார்? மேற்கே கருத்துக்கொண்டு வரும்போதே வாசனை பிடித்து, முதல் துளி விழுவதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடியவர்கள் யார்? கருவாட்டை எந்த வெயிலில் போட வேண்டும், எத்தனை நாளில் எடுக்க வேண்டும், எதில் போட்டு மூட வேண்டும் என்று அவர்கள் எந்தப் புத்தகத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. பூவும் ஏறக்குறைய வடகம்தான். ஈரம் போக வேண்டும். போன ஈரம் திரும்பி வரக்கூடாது. இந்தக் கலை முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அதில் இரண்டாவது வாக்கியம்தான் நெகிரி செம்பிலானில் கஷ்டம்.

கடையில் விற்கும் கைவேலைப் புத்தகங்களைப் பாருங்கள். பூங்கொத்தைத் தலைகீழாகக் கட்டி, இருட்டறையில் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும் என்று எழுதியிருக்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர்க் காற்று வேறு. மலேசியாவில் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு. சிரம்பானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அதே ரோஜாக் கொத்தைத் தொங்கவிட்டால், வெளி இதழ் காய்வதற்குள் உள்ளே காம்புக் குழியில் பூஞ்சணம் பூத்துவிடும். "எனக்குக் கைராசி இல்லை" என்று அந்த அம்மாள் விட்டுவிடுவார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பூ நிலைப்பதும் அழுகுவதும் எவ்வளவு தூரம் காற்றைப் பொறுத்தது என்பதற்கு எகிப்தைச் சொல்லலாம். துத்தங்காமன் என்ற அரசனின் கல்லறையை 1922இல் கண்டுபிடித்தார்கள். சவப்பெட்டிக்குள் பூமாலைகள் இருந்தன. 3,300 ஆண்டுக்கு முன் வைத்த மாலை, எந்தப் பூ என்று அடையாளம் சொல்லும் நிலையில் இருந்தது. பாலைவனக் காற்று செய்த வேலை அது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்முடைய தூத்துக்குடியையே எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த பூ, காய், இலை இவற்றைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலில் இந்தியாவிலேயே பெயர் பெற்ற ஊர்களில் அது ஒன்று. துறைமுகம் இருப்பது ஒரு காரணம். ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர்தான் என்பது இன்னொரு காரணம். இங்கே என்ன நிலைமை? மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் என்று பெயரெடுத்த ஜெலெபு, இதே நெகிரி செம்பிலானில்தான் இருக்கிறது. அந்த ஜெலெபுவில்கூடத் தூத்துக்குடியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. அப்படியானால் போர்ட்டிக்சனையும் ரந்தாவையும் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வெளியூர்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இந்த ஊர்க் காற்றுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க வேண்டும். முதலில் பூவைத் தேர்ந்தெடுப்பது. சதைப்பற்றான பூ வேண்டாம். செம்பருத்தி 1960இல் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. வேலி ஓரமெல்லாம் அதுதான். இருந்தாலும் உலர்த்தி அழகுக்கு வைக்க அது உதவாது. ஒரே நாளில் வாடுகிற பூ, வழவழப்பு வேறு. காய்ந்தால் கறுத்த துணிபோல் சுருண்டு கிடக்கும். தலைக்கு எண்ணெய் காய்ச்ச எடுத்து வைக்கலாம். மல்லிகை பழுப்பாகிவிடும், வாசனையும் போய்விடும். மல்லிகையை அன்றைக்கே தலையில் வைத்துக்கொள்வதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

அப்புறம் எது? வாடாமல்லி. பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உருண்டையில் நாம் பூ என்று நினைக்கும் ஊதா நிறப் பகுதி உண்மையில் பூவிதழ் அல்ல, காகிதம்போன்ற பூவடிச் செதில்கள். செடியில் இருக்கும்போதே பாதி காய்ந்த மாதிரிதான் இருக்கும். அதனால் காய்ச்சலுக்கு அதிகம் அலட்டிக்கொள்ளாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கோழிக்கொண்டையும் அப்படியே. லயத்து வாசலில் சாமி படத்துக்குப் பறிக்க வளர்த்த இந்த இரண்டு செடிகளும், கடையில் விலை கொடுத்து வாங்கும் ரோஜாவைவிட இந்த வேலைக்கு மேலானவை. காகிதப்பூவும் நல்லது. அதிலும் நிறமாக இருப்பது பூ அல்ல, இலை மாதிரியான செதில். நடுவில் குட்டியாக வெள்ளையாக இருப்பதுதான் பூ. அழுத்திக் காயவைத்தால் பட்டுத் துணி மாதிரி கிடக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் நிறம் நிற்கும். சிவப்பு பெரும்பாலும் கருஞ்சிவப்பாகப் போகும். வெள்ளை மட்டும் நம்பக்கூடாது.

பறிக்கும் நேரமும் முக்கியம். பனி இறங்கிய பூவைப் பறித்தால் அத்தனையும் வீண். காலை பத்து மணிக்கு மேல், இதழில் ஈரம் இல்லாதபோது, பிற்பகல் மழைக்கு முன் பறித்துவிட வேண்டும். மாதங்களில் ஜனவரி, பிப்ரவரி இந்தப் பக்கம் கொஞ்சம் காய்ச்சலான மாதங்கள்.

தட்டையான பூவுக்குப் பழைய நாளிதழைவிடச் சிறந்த சாதனம் கிடையாது. இந்த உரையை அச்சிடும் தாள்கூட அடுத்த வாரம் அந்த வேலைக்கு உதவும், ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். பூவுக்கு மேலும் கீழும் ஒரு வெள்ளைத் தாள், மை ஒட்டாது. அதற்கு வெளியே நாலைந்து நாளிதழ்த் தாள். மேலே அம்மிக் கல்லோ தடித்த அகராதியோ. முக்கியமானது எது என்றால், முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஒரு வாரம் விட்டால், தாள் குடித்த ஈரத்தைப் பூவுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பலருக்கும் வேலை கெடுவது இந்த இடத்தில்தான்.

உருண்டைப் பூவுக்குச் சிலிக்கா ஜெல் என்ற மணிகள் இருக்கின்றன. புதுச் சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் சின்னப் பொட்டலமாக வருமே, அதேதான். காற்றுப் புகாத டப்பாவில் மணிகளைப் பரப்பி, பூவை வைத்து, மேலே மெதுவாகத் தூவி மூடினால் ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். மணி ஈரம் குடித்து நிறம் மாறினால் அடுப்பில் 120 டிகிரியில் சூடு காட்டி மறுபடி பயன்படுத்தலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகையானாலும் தூசியை மூக்கில் இழுக்கக்கூடாது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் மணல் இருக்கிறது. ஆனால் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்து அப்படியே போட்டால் காரியம் கெட்டுவிடும். கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சமையல்கட்டில் உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைக்கிறோமே, ஏன்? அதே கதைதான். ஆற்று மணலை அலசி, வறுத்து, ஆறவைத்துப் போட வேண்டும்.

இதுவரை சொன்னது பூ. தோட்டப்புறத்துக்கே உரிய சொத்து பூ அல்ல, இலை.

பால்மரத்து இலையைச் சொல்ல வேண்டும். இந்த மரம் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து விதைகளைக் கொண்டு போனார். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதன் பிறகு நடந்தது நம் பாட்டன் பூட்டன் கதை. கப்பலேறி வந்த கதை. அந்த மரம் வருடத்துக்கு ஒரு முறை, ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில், மொத்தமாக இலை உதிர்க்கும். பால் குறையும், வருமானம் குறையும். பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது நல்ல காலம் இல்லை. நிரை நிரையாகச் சருகு கணுக்காலுக்கு மேல் கிடக்கும். மங்குக்குள் விழுந்ததை எடுத்தெறிவதே ஒரு வேலை.

அந்தச் சருகுதான் இன்று உலகத்துக் கைவேலைக் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறது. தசை நீங்கி, நரம்பு மட்டும் சல்லடைத் துணிபோல் நிற்கும் இலை; சாயம் ஏற்றி, வாழ்த்து அட்டையில் ஒட்டவும், கம்பியில் கட்டிப் பூவாக மடிக்கவும் வாங்குகிறார்கள். அதில் பெரும்பகுதி பால்மரத்து இலை. தாய்லாந்திலிருந்து ஏராளமாகப் போகிறது. தமிழ்நாட்டில் அரச இலையை ஊறவைத்து, நரம்பின்மேல் பிள்ளையார் படம் எழுதி விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். நூறு வருடம் காலால் மிதித்துக்கொண்டு போனோம், பக்கத்து நாட்டுக்காரர் பொட்டலம் கட்டிவிட்டார்.

செய்முறை கடினம் இல்லை, பொறுமைதான் வேண்டும். கிழியாத, பூச்சி அரிக்காத, அப்போதுதான் விழுந்த முற்றிய இலையாகப் பொறுக்க வேண்டும். வாளித் தண்ணீரில் மூழ்க வைத்துச் சில வாரம் விட்டால் தசை அழுகிக் குழகுழவென்று ஆகும். நாற்றம் அடிக்கும், அதை மறைத்துச் சொல்லக்கூடாது; ஒட்டுப்பால் நாற்றம் தெரிந்த மூக்குக்கு அது பெரிதாகத் தெரியாது. பிறகு தட்டையான தட்டில் வைத்து, பழைய மிருதுவான பல் தூரிகையால் நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக வருட வேண்டும். தேய்த்தால் கிழியும். அலசி, தாளுக்கு நடுவே வைத்துக் காயவைத்தால் முடிந்தது. அவசரக்காரர்கள் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அதற்கு அலுமினியச் சட்டி ஆகாது; எவர்சில்வர் சட்டி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். கையுறை போட வேண்டும். பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது.

வாளி என்றதும் ஓர் எச்சரிக்கை. திறந்து கிடக்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாளியை வலைத்துணி போட்டு இறுக்கிக் கட்டி வையுங்கள். டிங்கிக் காய்ச்சல் வருவது ஒரு பக்கம்; சுகாதாரத் துறையினர் வந்து கொசுப்புழுவைப் பார்த்துவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம் எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை அட்டை விற்று அதைக் கட்டுவது?

லாலானையும் விடக்கூடாது. தோட்டத்தில் காசு கொடுத்து அழித்த களை அது. அதன் வெள்ளைக் கதிரை முழுதாக விரிவதற்குக் கொஞ்சம் முன் அறுத்து, நிமிர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வரும் கதிர்ப்புல்லுக்குப் பெரிய விலை கொடுக்கிறவர்கள் லாலானைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செம்பனை மரத்தின் உடம்பில் முளைக்கும் பெரணியும் அழுத்திக் காயவைக்க அருமையானது. ஆனால் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். களை இருக்கும் இடத்தில் களைக்கொல்லியும் இருக்கும். மருந்தடிப்பு வேலையில் அதிகம் நின்றவர்கள் நம் பெண்கள்தான். முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு, முகமூடி இல்லாமல் அடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் உடல்நிலை பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையே வெளியிட்டது. பாராகுவாட் மருந்துக்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான். மற்ற மருந்துகள் இன்னமும் அடிக்கப்படுகின்றன. ஆகவே மஞ்சள் பூத்துக் கருகிய புல்வெளி ஓரத்தில் எதையும் பறிக்காதீர்கள். எங்கே, எப்போது அடித்தார்கள் என்று தோட்ட அலுவலகத்தில் கேட்டு, அனுமதியும் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

இப்போது காசு விஷயம். கைவேலை என்றாலே "வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்" என்று ஆசை காட்டுகிற பேச்சு எல்லாப் பக்கமும் கேட்கிறது. அந்த ஆசையில் பெண்கள் ஏமாறுவது ஓர் இடத்தில்தான்: சொந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூ சும்மா கிடைத்தது, இலை சும்மா கிடைத்தது, அட்டை ஒரு வெள்ளி, ஆகவே மூன்று வெள்ளிக்கு விற்றால் இரண்டு வெள்ளி லாபம் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. சொந்தமாகச் செய்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது; ஆனால் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஓர் அட்டைக்கு நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் கூலி மட்டும் 5 வெள்ளி 81 காசு. மூன்று வெள்ளிக்கு விற்றால் வாங்குகிறவருக்குத் தன் கைக்காசைப் போட்டு அனுப்புகிறார் என்று அர்த்தம். இருபது அட்டையை ஒரே நேரத்தில் வரிசையாகச் செய்தால், ஒன்றுக்குப் பதினைந்து நிமிடமாகக் குறையும். கூலி 2 வெள்ளி 18 காசு; அட்டையும் பசையும் உறையும் ஒன்றரை வெள்ளி என்றால் அடக்க விலை 3 வெள்ளி 68 காசு. சந்தைக் கடை வாடகையையும் சேர்த்து ஆறு வெள்ளி என்று சொல்லக் கூச்சப்படக்கூடாது. தீபாவளிக்கு அச்சடித்த அட்டை அதைவிட மலிவாகக் கிடைக்கும்தான். அந்த அட்டையோடு போட்டி போடவே கூடாது. மலாய்க்காரர் திருமணங்களில் விருந்தினர் கையில் கொடுக்கும் முட்டைப் பூ இருக்கிறது; அதற்கு நரம்பிலைப் பூ நன்றாகப் பொருந்தும். நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். வாங்குகிறவர் அங்கே இருக்கிறார்.

விற்ற பொருள் கெட்டுப் போனால் பெயர் போய்விடும். சட்டத்தில் போடுகிற படத்துக்குப் பின்புறம் இடைவெளி இல்லாமல் ஒட்டுத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு சிலிக்காப் பொட்டலம் வையுங்கள். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். சேமித்து வைத்த பூவில் பூச்சி தெரிந்தால், பையில் இறுக்கி மூடி உறைபெட்டியில் சில நாள் வைத்தால் போதும்.

கடைசியாக, காசில் அடங்காத ஒரு விஷயம். கெப்போங்கில் வன ஆய்வுக் கழகம் இருக்கிறது. அங்கே செடிகளை நாம் செய்கிற மாதிரியே தாளில் அழுத்திக் காயவைத்து, ஆராய்ச்சிக்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் எந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் பறித்தது என்று சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் சருகு. இந்த வழக்கத்தைத் தோட்டத்துப் பெண்களும் எடுத்துக்கொள்ளலாம். நீலாய், செனாவாங், செண்டாயான் பக்கமெல்லாம் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகிவிட்டன. தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும்; நம்மவர்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும். அந்தத் தமிழ்ப் பெயரை நில அலுவலக வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. பேசியவர்கள் போனதும் பெயரும் போய்விடும். அட்டையின் பின்புறம் அந்தப் பெயரையும், இலை பொறுக்கிய தேதியையும் எழுத அரை நிமிடம் ஆகாது. லயம் இடிபடுவதற்கு முன் வாசலில் நின்ற வாடாமல்லியை ஒரு தாளில் ஒட்டி, இன்ன தோட்டம், இன்ன லயம், இத்தனாம் நம்பர் வீடு என்று எழுதி வைத்த குடும்பத்தில், பேரப்பிள்ளை கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்கும். அதை விற்க வேண்டாம்.

இலை உதிர்காலத்தைத் தவறவிட்டவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆகஸ்டு வாக்கில் காய் படீரென்று வெடித்து ரப்பர் கொட்டை சிதறத் தொடங்கும். ஒரு காய்க்குள் மூன்று கொட்டை. ஒவ்வொன்றிலும் புள்ளிக்கோலம் இருக்கும். பொறுக்கி வந்த அன்றே வெயிலில் போட்டு, துளையிட்டுப் பருப்பை நோண்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் சிக்கடித்து வண்டு விழும். பச்சைப் பருப்பில் நஞ்சு இருக்கிறது, குழந்தை வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நூலில் கோத்தால் மாலை, வாசலுக்குத் தோரணம்.